மூல ஓலையும் மரபணுவும்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கிக் கரையேறி, இலங்கையின் கிழக்குக் கரையூர்களை வாரிச் சென்ற பின்னர், கல்முனை மருத்துவமனைக்கு ஓர் ஆண் கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. அன்று அங்கே சேர்க்கப்பட்டவர்களின் வரிசையில் 81-ஆவதாக வந்தமையால் அந்த எண்ணே அதற்குப் பெயராயிற்று. தம் மக்களை அலைக்குக் கொடுத்துவிட்டுப் பித்துப் பிடித்தவர்போல் அலைந்துகொண்டிருந்த பெற்றோர் பலர், அந்தக் குழந்தை தம்முடையதே என்று உரிமை கோரியதாக உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. வீடும், வீட்டுப் பெட்டியிலிருந்த பத்திரங்களும், சாட்சி சொல்லக்கூடிய அண்டை அயலாரும் ஒருங்கே அலையோடு போய்விட்ட அந்தக் கரையில், ஒரு தாயின் சொல்லை நீதிபதி எதைக் கொண்டு அளந்து பார்ப்பது? நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஆணையிட்டது, 2005 பிப்ரவரி நடுவில் விடை வந்தது, குழந்தை தன் தாய் தந்தையரின் கைக்குத் திரும்பிற்று.

விஞ்ஞானச் செய்தி என்பது ஆய்வகத்தில் பிறந்து, பத்திரிகையில் வளர்ந்து, நீதிமன்றத்தில் முதிர்ந்து, கடைசியில் சாதாரண ஜனங்களின் வீட்டுக்குள்ளே வந்து அமர்கிறது என்பதற்கு மரபணுப் பரிசோதனையைப்போல் தெளிவான உதாரணம் நம் காலத்தில் வேறில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிபுணர் சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்த சொல், இன்று கிராமத்துத் திண்ணையில் வழக்குப் பேசுகிறவர் வாயிலும் வழங்குகிறது. ‘டி.என்.ஏ. பொருந்திவிட்டது’ என்று நாளேட்டில் ஒரு வரி வந்தவுடன், விசாரணை தொடங்குவதற்கு முன்னரே தீர்ப்பு முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை விஞ்ஞானம், சட்டம், வாழ்க்கை என்னும் மூன்று நிலைகளிலும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம். மரபணுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் அதைத் திரட்டி, உறையிலிட்டு, முத்திரை வைத்து, ஆய்வகம் சேர்த்து, படித்துப் பொருள் சொல்லுகிறவர்கள் மனிதர்கள். ஆகையால் அந்தக் கைகளைக் காவல் செய்யாத தேசத்தில் மரபணுவின் உண்மை எவருக்கும் அரணாகாது.

சபையில் வைத்த ஓலை

இவ்வுண்மையைத் தமிழர் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. பெரிய புராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் பக்திக் கதையாக மட்டுமன்றி, ஒரு வழக்கு விசாரணையாகவும் படிக்கத் தக்கது. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரிடம் முதிய வேதியர் ஒருவர் வந்து, ‘நீ எனக்கு வழிவழி அடிமை’ என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அனுபவ ஆட்சி, எழுதிய ஆவணம், அயலார் கண்ட காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டு நிரூபிக்க வேண்டும் என்று சபையோர் கேட்க, கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர்.

அதன் பின் நடப்பதே நம் பொருளுக்கு முக்கியமானது. ‘இவன் வலியப் பறித்துக் கிழிக்காதபடி காப்பீர்களானால் காட்டுவேன்’ என்று அவர் கேட்க, சபையோர் அந்தப் பொறுப்பை ஏற்கின்றனர். கரணத்தான் அதை வாங்கி, சுருள் நீக்கி, அதன் தொன்மையை நோக்கி, எல்லோரும் கேட்கும்படி வாசிக்கிறான். சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் தம் எழுத்தென்று ஒப்புகின்றனர். அதற்கும் மேலாக, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஆவணம் இறைவன் கையிலிருந்தே வந்ததாயினும், அதைப் பத்திரமாகக் கைமாற்றுதல், சபையறியப் படித்தல், ஐயமற்ற மாதிரியோடு ஒப்பிடுதல் ஆகிய மூன்றையும் அந்தச் சபை விட்டுவிடவில்லை. இன்றைய தடய விஞ்ஞானம் வற்புறுத்தும் நியதிகளும் இவை மூன்றே.

கடல்நாயும் கட்டுவிரியனும்

மரபணு அடையாளத்தின் வரலாறு குற்றத்தைத் தேடிப் புறப்பட்ட வரலாறன்று. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரீஸ், தசையில் பிராணவாயுவைத் தேக்கி வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதத்தின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். நெடுநேரம் நீருக்குள் மூழ்கியிருக்கும் கடல்நாயின் தசையில் அப்புரதம் மிகுதி என்பதால், ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கி மனிதனிடம் வந்தது. மனித மயோகுளோபின் மரபணுவின் இடையே, பாட்டின் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு பகுதியை அவர் கண்டார். 1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை 9 மணி 5 நிமிடம். இருட்டறையில் எக்ஸ்ரே பிலிமை மருந்துநீரிலிருந்து தூக்கிப் பார்த்தபோது, அதில் வரிவரியாகக் கருங்கோடுகள் நின்றன. ஆய்வக உதவியாளர் ஒருவரும் அவருடைய தாயும் தந்தையும் தந்த மாதிரிகள் அவை. மூவர் கோடுகளும் வெவ்வேறாக இருந்தன. ஆயினும் மகளின் ஒவ்வொரு கோடும் தாயிடமோ தந்தையிடமோ இருந்தது. ஆள் அடையாளமும் குடும்ப உறவும் ஒரே படத்தில் வெளிப்பட்டதை அந்த நிமிடத்திலேயே அவர் உணர்ந்தார்.

நம் நாட்டில் இதற்கு நிகரான பணியைச் செய்தவர் லால்ஜி சிங். அவரும் குற்றவாளியைத் தேடிப் புறப்பட்டவரல்லர். கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றில் ஆண் பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் குரோமோசோமை ஆராய்ந்தவர். அந்தப் பாம்பின் மரபணுவில் மீண்டும் மீண்டும் வரும் தொடரொன்று மனிதரிடமும் பரவிக்கிடப்பதைக் கண்டு, ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் 1980-களின் இறுதியில் அதையே அடையாளக் கருவியாக ஆக்கிக்கொண்டார். பிற நாட்டாரின் உரிமைப் பொருளுக்குக் கைநீட்டாமல் இந்தியா தன் சொந்த முறையால் இத்துறையில் கால் வைத்தது இவ்விதமே. ‘பாம்பின் குரோமோசோமை ஆராய்ந்து நாட்டுக்கு என்ன பயன்?’ என்று கேட்டு, அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதியைச் சுருக்குகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.

முறையின் உட்கருத்து எளியது. நம் உயிரணுவின் கருவில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன என்று கொள்ளலாம். எந்த இரு மனிதரை எடுத்தாலும் அவற்றில் ஆயிரத்துக்கு 999 பங்கு ஒன்றாகவே இருக்கும். எஞ்சிய சிறு பங்கில், நான்கெழுத்துச் சொல் ஒன்று ஒருவரிடம் ஆறு முறையும் இன்னொருவரிடம் ஒன்பது முறையும் அடுக்கி வரும் இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் தாய்வழி ஓர் எண், தந்தைவழி ஓர் எண். இத்தகைய இடங்கள் பலவற்றை எண்ணி எழுதினால், ஒரே கருவிலிருந்து இரண்டாய்ப் பிரிந்த இரட்டை உடன்பிறப்பு நீங்கலாக, வேறெவருக்கும் அமையாத வரிசை கிடைக்கிறது. அமெரிக்கா முதலில் 13 இடங்களை நியமித்து, 2017 முதல் 20 ஆக உயர்த்திற்று. காரி முல்லிஸ் 1983-இல் கண்டுபிடித்து, 1993-இல் நோபல் பரிசு பெற்ற பி.சி.ஆர். முறை, கண்ணுக்குப் புலப்படாத அளவு பொருளையும் கோடிக்கணக்கில் பெருக்கித் தருவதால், குடம் குடமாக இரத்தம் வேண்டியதில்லை. சில உயிரணுக்களே போதும். இந்தக் கூர்மையே இம்முறையின் வலிமை. இதன் அபாயமும் அங்கேதான் இருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதல் பயன் ஒரு விடுதலை

இக்கண்டுபிடிப்பு முதன்முதலில் நுழைந்த வழக்கு கொலை வழக்கன்று. ஒரு தாயும் மகனும் சம்பந்தப்பட்டது. கானா நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய சிறுவன் ஒருவனை, அவன் அந்தத் தாயின் பிள்ளைதானா என்ற ஐயத்தால் குடியேற்ற அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். தந்தையின் இரத்தம் கிடைக்காத நிலையில், ஐயமற்ற மற்றப் பிள்ளைகளின் கோடுகளிலிருந்து தந்தையின் கோடுகளை ஜெஃப்ரீஸ் கணித்து, சிறுவன் அவள் மகனே என்று 1985-இல் காட்டினார்.

குற்ற வழக்கில் அதன் முதல் வேலையும் எண்ணி மகிழத் தக்கது. லெஸ்டரை அடுத்த சிற்றூர்களில் 1983-இலும் 1986-இலும் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் பிந்தைய கொலையைத் தான் செய்ததாகப் போலீசாரிடம் ஒப்புக்கொண்டிருந்தான். சோதனை இரண்டு கொலையையும் செய்தவன் ஒருவனே என்றும், அவன் இந்த இளைஞனல்லன் என்றும் சொல்லிற்று. அதன் பிறகு அவ்வட்டாரத்து ஆண்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் தாமாக முன்வந்து மாதிரி கொடுத்தனர். ஒருவரும் பொருந்தவில்லை. காலின் பிட்ச்ஃபோர்க் என்பவன் தன்னுடன் வேலை செய்தவனைத் தன் பெயரில் இரத்தம் கொடுக்கச் செய்திருந்தான் என்பது, மதுக்கடைப் பேச்சொன்றைக் கேட்ட ஒருவரால் வெளிப்பட்டு, 1988 ஜனவரியில் அவன் தண்டனை பெற்றான். ஒப்புதல் வாக்குமூலம் பொய்யாகலாம் என்பதையும், ஆய்வகம் எவ்வளவு கூரியதாயினும் அதனிடம் சேரும் இரத்தம் யாருடையது என்று காப்பவர் இல்லையெனில் பயனில்லை என்பதையும் முதல் வழக்கே உலகுக்குப் போதித்துவிட்டது.

அமெரிக்காவில் பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்னும் இரு வழக்கறிஞர்கள் 1992-இல் தொடங்கிய இன்னசென்ஸ் பிராஜெக்ட் இயக்கம், இந்த விடுதலைப் பணியையே தன் தொழிலாக மேற்கொண்டது. மேரிலாந்தைச் சேர்ந்த கிர்க் பிளட்ஸ்வொர்த் 1985-இல் மரண தண்டனை பெற்றவர். நேரில் கண்டதாக ஐந்து பேர் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தனர். 1993-இல் மரபணுச் சோதனை அவர் குற்றமற்றவர் என்று காட்டியது. அந்நாட்டில் இவ்வாறு மீண்டவர்கள் 375-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேரின் வழக்கில், நேரில் கண்டவர்கள் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருந்தனர். பிரத்தியட்சமே பிரமாணங்களில் தலையாயது என்று தருக்க நூலார் வைத்த வரிசையை மறுபரிசீலனை செய்யவேண்டிய நிலையை இந்த எண்ணிக்கை உண்டாக்கிற்று.

இந்தியாவில் கேரளத்துத் தலைச்சேரி நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்ட ஒரு தாயின் வழக்கில் ஐதராபாத் ஆய்வகத்தின் அறிக்கை ஏற்கப்பட, கேரள உயர் நீதிமன்றம் 1991-இல் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக்கிடந்த உடற்பகுதிகளை அடையாளம் காணவும் அந்த ஆய்வகமே துணைநின்றது. பிள்ளைக்குத் தந்தை யார் என்ற வீட்டு வழக்கும், தேசத்தையே உலுக்கிய வழக்கும் ஒரே ஆண்டில் ஒரே விஞ்ஞானத்தின் வாயிலில் வந்து நின்றன.

பொருத்தம் என்பதன் பொருள்

‘பொருந்தியது’ என்ற சொல்லை நாம் நிதானமாக ஆராய வேண்டும். ஆய்வகம் தரும் விடை ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றன்று. இல்லை என்பது உறுதியாகச் சொல்லப்படும். ஓரிடத்து எண் மாறுபட்டு, அதற்கு வேறு விளக்கம் இல்லையெனில் அந்த ஆள் விலக்கப்படுகிறார். ஆம் என்பதோ ஒரு கணக்காகவே வருகிறது: சம்பந்தமில்லாத ஒருவரிடம் இதே வரிசை தற்செயலாக அமைவதற்கு இத்தனையில் ஒரு பங்கே வாய்ப்பு என்று. தூய முழு மாதிரியில் இந்தப் பங்கு கற்பனைக்கு எட்டாத சிறுமை உடையது. ஆனால் வெயிலில் சிதைந்ததும், இருவர் மூவர் உயிரணுக்கள் கலந்ததுமான மாதிரியில் சில இடங்களை மட்டுமே படிக்க முடியும். அப்போது கணக்கு வேகமாக இறங்கிவிடுகிறது.

ஓர் உதாரணம் கொள்வோம். சிதைந்த மாதிரியொன்றின் வரிசை பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு அமையும் என்று நிபுணர் சொல்கிறார். ‘அப்படியானால் இவன் குற்றவாளி அல்லாதிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றே’ என்று வழக்கறிஞர் வாதிக்கிறார். கேட்பதற்குச் சரியாகத் தோன்றினாலும் இது பெரும் பிழை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். அந்த வரிசை உடையவர்கள் இம்மாநிலத்திலேயே எழுபத்திரண்டு பேர் அளவில் இருக்கக்கூடும். அவர்களுள் இவனே என்று காட்டுவதற்கு வேறு சாட்சியம் வேண்டும். மரபணுச் சாட்சியமும் நிபுணர் அபிப்பிராயமே, அதன் மதிப்பு வழக்குக்கு வழக்கு மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே சொல்லியிருக்கிறது.

இதனினும் ஆழ்ந்த வரம்பு ஒன்று உண்டு. உயிரணு யாருடையது என்பதை விஞ்ஞானம் சொல்லும். அது அங்கே எப்படி வந்தது, எப்போது வந்தது என்பதை அது சொல்லாது. 2012-இல் கலிபோர்னியாவில் செல்வந்தர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், இறந்தவரின் நகத்தடியில் கிடைத்த மரபணு வீடற்ற ஓர் ஏழையினுடையதாக இருந்தது. அவர் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய வழக்கறிஞர் பொறுமையாகத் தேடியபோது, கொலை நடந்த இரவில் அந்த ஏழை மதுமயக்கத்தில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார் என்பது தெரியவந்தது. அவரை அங்கே கொண்டு சேர்த்த அவசர உதவியாளர்களே சில மணி நேரத்துக்குப் பின் கொலை நடந்த வீட்டுக்கும் சென்றிருந்தனர். அவருடைய உயிரணுக்கள் அவர்களோடு பயணம் செய்திருந்தன. மருத்துவமனைப் பதிவேடு ஒன்று மட்டும் இல்லாதிருந்தால், அவர் கதி என்னவாகியிருக்கும்?

பஞ்சுக்குச்சி தந்த பாடம்

ஜெர்மனியில் நடந்தது இன்னும் விரிவானது. 2007 ஏப்ரலில் ஹைல்பிரான் நகரில் பெண் போலீஸ் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வண்டியில் கிடைத்த மரபணு ஒரு பெண்ணினுடையது. அதே பெண்ணின் மரபணு ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளில், கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை ஏறத்தாழ நாற்பது இடங்களில் முன்னும் பின்னும் கிடைத்திருந்தது. முகமறியாத அந்தப் பெண்ணைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவிக்கப்பட்டது. 2009-இல், தீயில் கருகிய ஓர் ஆணின் அடையாளத்தை உறுதிசெய்ய அவருடைய பழைய விண்ணப்பத்திலிருந்த விரல் ரேகையைச் சோதித்தபோது, அங்கும் அதே பெண்ணின் மரபணு வந்தது. அப்போதுதான் விசாரணையாளர் விழித்துக்கொண்டனர். அப்படி ஒரு கொலைகாரி இருந்ததே இல்லை. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணின் உயிரணுக்களே அவை. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவை. ஆனால் கிருமியைக் கொல்லும் முறை மரபணுவை அழிப்பதில்லை.

இனி நம் ஊர் நிலையைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுத்தால் அதை நிழலில் உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் பையிலிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்குமாதலால் காகித உறையிலிட வேண்டும். இரத்தக்கறை படிந்த துணியையும் அவ்விதமே தனித்தனியாக மடிக்க வேண்டும். உறையின் மேல் வழக்கு எண், இடம், நேரம், எடுத்தவர் பெயர் எழுதி, அரக்கு முத்திரை வைத்து, மகஜரில் சாட்சிகளின் கையொப்பம் பெற வேண்டும். இரத்தக் குப்பியைக் குளிரில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காவல் நிலையத்து அலமாரியில் பத்து நாள் கிடந்த மாதிரி, ஆய்வகத்துக்குப் போகும்போது எந்நிலையில் இருக்கும் என்பதை ஊகிக்க நிபுணர் வேண்டியதில்லை.

இது வெறும் அச்சமன்று. தில்லி சாவ்லாவைச் சேர்ந்த இளம்பெண் கொல்லப்பட்ட வழக்கில், மாதிரிகள் பல நாள் காவல் நிலையப் பொருளறையிலேயே இருந்ததையும், நிபுணர் அறிக்கையின் அடிப்படையைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயாததையும் சுட்டி, மரண தண்டனை பெற்றிருந்தவர்களை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்தது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் இளம் ஜோடி ஒன்று கொல்லப்பட்ட வழக்கில், மரண தண்டனை விதிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் விடுவித்தது. மாதிரிகள் கைமாறிய தொடர்ச்சி நிரூபிக்கப்படாமையும், விளக்கமற்ற தாமதமும் அங்கே முக்கியக் காரணங்கள். அத்தோடு நில்லாமல் நாடு முழுமைக்கும் நெறிகளை வகுத்தது: மாதிரி எடுக்கும் மருத்துவர், விசாரணை அதிகாரி, சாட்சிகள் ஆகியோர் பெயரும் பதவியும் கையொப்பமும் ஆவணத்தில் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையை மீண்டும் திறக்கலாகாது, எடுத்த நாள் முதல் வழக்கு முடியும் வரை கைமாற்றுப் பதிவேடு தொடர வேண்டும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் ஓலைக்குத் தந்த உறுதியை, இந்நாட்டு நீதிமன்றம் ஓர் உறைக்குத் தருவதற்கு 2025 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வழக்குகளில் தோற்றவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். விடுவிக்கப்பட்டவர் குற்றமற்றவராயின், அவர் வாழ்நாளின் பல ஆண்டுகள் வீணாயின. குற்றவாளியாயின், கொலையுண்டவரின் பெற்றோர்க்கு நீதி மறுக்கப்பட்டது. எப்படியாயினும் உண்மை அலமாரியிலேயே கெட்டுப்போயிற்று.

குடும்பத்தின் வாசலில்

குற்ற வழக்கை விட அதிகமான வீடுகளை இப்பரிசோதனை தொடும் இடம் தாய் தந்தை உறவே. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, சட்டபூர்வமான திருமணம் நிலைத்திருக்கும்போது, அல்லது அது கலைந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள், பிறந்த குழந்தை கணவனுடையதே என்று கொள்ளச் சொல்லியது. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இருந்ததில்லை என்று நிரூபித்தால் ஒழிய அந்த அனுமானம் அசையாது. புதிய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் 116-ஆம் பிரிவாக அதுவே நீடிக்கிறது. ஒரு குழந்தையின் நெற்றியில் சமூகம் பழி எழுதிவிடக் கூடாது என்ற கருணையிலிருந்து பிறந்த விதி அது.

விஞ்ஞானம் வந்து அந்தக் கருணையோடு மோதியது. கணவர் கேட்டவுடன் சோதனைக்கு ஆணையிடலாகாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2014-இல், சோதனை ஏற்கனவே நடந்து முடிந்து உண்மை வெளிப்பட்டிருந்த ஒரு வழக்கில், அனுமானத்தைவிட உண்மையே மேல் என்று தீர்த்தது. 2023-இல், தாய்க்கும் தந்தைக்கும் நடக்கும் சண்டையில் குழந்தையின் உடலைச் சான்றுப் பொருளாக்கலாகாது, தன் பிறப்பைப் பற்றிய அந்தரங்கம் குழந்தைக்கும் உரியது என்று வழிகாட்டிற்று. இத்தீர்ப்புகளை முரண்பாடென்று சிலர் கூறுவர். நம் அபிப்பிராயத்தில் இவற்றை இணைக்கும் இழை ஒன்றே: உண்மையை அறியக்கூடும் என்பதனாலேயே அதை அறிந்தாக வேண்டும் என்பதில்லை, அறிவதால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு என்று கேட்ட பின்னரே குழந்தையின் கையிலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும். அதே சமயம், தந்தையே மறுக்கும்போது தன் பிறப்பின் உண்மையைப் பிள்ளையே கேட்பது வேறு. உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் முதலமைச்சர் என்.டி. திவாரி மீது மகன் தொடுத்த வழக்கில் 2012-இல் வெளியான சோதனை முடிவு மகனின் கூற்றை மெய்ப்பித்தது.

துக்க வீட்டிலும் இது துணை நிற்கிறது. 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் விமானம் விழுந்து 260 பேர் மாண்டபோது, உருத்தெரியாத உடல்களை உறவினர் தந்த இரத்த மாதிரிகளோடு ஒப்பிட்டே ஒவ்வொருவராக ஒப்படைத்தனர். கொள்ளி வைப்பதற்கும், மண்ணில் அடக்குவதற்கும் ‘இவர் என்னவர்’ என்ற நிச்சயம் வேண்டும்; அந்த நிச்சயத்தைத் தந்த விஞ்ஞானத்துக்கு எத்தனை குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன!

உறவினருக்காக நாம் இடும் கையொப்பம்

கைரேகை ஒருவனை மட்டும் காட்டும். மரபணு அவன் குலத்தையே காட்டும். 2018 ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஜோசப் டி ஏஞ்செலோ என்ற முன்னாள் போலீஸ்காரன், பல்லாண்டுகளுக்கு முந்தைய கொடிய குற்றங்களுக்காகப் பிடிபட்டான். அவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. வம்சாவளி அறியும் ஆசையால் தம் மரபணு விவரத்தைப் பொதுத்தளமொன்றில் வைத்திருந்த தூரத்து உறவினர் வழியாகவே அவன் வீட்டுக்கு வழி தெரிந்தது. கொடியவன் அகப்பட்டதில் எவர்க்கும் வருத்தமில்லை. ஆனால் முகமறியாத ஒருவர் தம் எச்சிலைக் கொடுத்தபோது, பெரிய பாட்டனார் வழியில் வந்த அத்தனை பேருக்கும் சேர்த்துக் கையொப்பமிட்டுவிட்டார் என்பதும் அதே செய்தியில் அடங்கியிருக்கிறது. பாட்டனார் எழுதிய ஓலைக்குப் பேரன் கட்டுப்பட்ட கதையை இது நினைவூட்டுகிறது. அவ்வாறு எச்சில் வாங்கிச் சோதிக்கும் அமெரிக்கக் கம்பெனியான 23அண்ட்மீ-யிலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. 2025 மார்ச்சில் அக்கம்பெனி திவால் மனு கொடுத்தபோது, வாடிக்கையாளரின் மரபணு விவரமும் விற்பனைக்குரிய சொத்தாக நின்றது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற முடியாது.

அரசாங்கமே சேமிக்கும் இடத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பிரிட்டன் 1995-இல் தேசிய மரபணுப் பட்டியலைத் தொடங்கிற்று. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் மாதிரியையும் காலவரையின்றி வைத்திருப்பது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-இல் தீர்த்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, கடுங்குற்றத்துக்குக் கைதானவரிடமிருந்து மாதிரி எடுக்கலாம் என்று 2013-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அனுமதித்தது.

நம் நாட்டில், கையெழுத்தும் விரல் ரேகையும் தருவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் 1961-இல் வகுத்த நெறியின் நிழலிலேயே மரபணு மாதிரியும் நிற்கிறது. 2022-ஆம் ஆண்டுக் குற்றவியல் அடையாளச் சட்டம் உயிரியல் மாதிரிகளையும் எடுக்க இடம் தந்து, பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் ஆய்வகங்களின் தரம், ஒழுங்காணையம், பட்டியலின் வரம்பு ஆகியவற்றை வகுக்க வந்த மரபணுத் தொழில்நுட்ப மசோதா, 2019-இல் மக்களவைக்கு இரு முறை வந்து, நிலைக்குழுவின் ஆய்வையும் கண்டு, 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. எடுக்கும் அதிகாரம் சட்டமாயிற்று. எடுத்ததைக் காக்கும் கடமைக்கு முழுமையான தனிச் சட்டம் இல்லை. இந்தச் சமனின்மையே இன்றைய நிலையின் பெருங்குறை.

செய்ய வேண்டுவன

ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் செல்ல வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்திருக்கிறது; இது வரவேற்கத் தக்கது. அதற்கேற்ற ஆட்களையும், மாவட்டந்தோறும் குளிர்ச் சேமிப்பையும் அரசுகள் தர வேண்டும். ஆய்வகங்கள் போலீஸ் துறையின் நிர்வாகத்திலிருந்து விலகித் தன்னுரிமையோடு இயங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையாயினும், மாதிரியின் ஒரு பகுதியை வேறோர் ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்யும் உரிமை அவருக்கு அரசு செலவில் கிடைக்க வேண்டும். தண்டனை பெற்று ஆண்டுகள் கழிந்தவர்க்கும் அவ்வுரிமை வேண்டும். விடுதலையானவரின் விவரம் பட்டியலிலிருந்து அழிக்கப்பட வேண்டும். நிபுணரின் அறிக்கையை இறுதி வரியோடு நிறுத்தாமல், கணக்கின் அடிப்படையையும் கேட்டு அறியும் பயிற்சி நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வேண்டும். பத்திரிகையாளரும், ‘பொருந்தியது’ என்று எழுதும்போது, எத்தனை இடங்களில் பொருந்தியது, எங்கே எடுத்த மாதிரி, யார் யார் கையில் இருந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுவார்களாயின், ஜனங்களின் நியாய உணர்வு பக்குவப்படும்.

கடைசியாக வாசகர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் ஒரு வழக்கில் மரபணு பொருந்தியதென்று கேள்விப்படும்போது, உடனே கல்லெடுக்காதீர்கள். பொருந்தவில்லை என்று கேள்விப்படும்போதும், உடனே கைவிடாதீர்கள். உறையை யார் ஒட்டினார், யார் திறந்தார், நடுவில் எங்கே இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதிவேட்டில் விடை இருக்கும் நாளில்தான், கல்முனைத் தாயின் கைக்குக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்த இவ்விஞ்ஞானம் எல்லோருக்கும் பொதுவான நீதியாகும்.